முகவரியை ரவுட்டரே கொடுக்கட்டும்: வீட்டு நெட்வொர்க்கில் டிஎச்சிபி அமைத்த அனுபவம்

இணையம் நன்றாக இயங்கும்; ஆனால் பிரிண்டர் மட்டும் சில நாள் அச்சிடும், சில நாள் அச்சிடாது. எங்கள் வீட்டில் நெடுநாள் இருந்த தொல்லை இது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ஓரிரு நாள் கழித்து மீண்டும் வரிசையில் பத்துப் பக்கங்கள் காத்துக்கொண்டிருக்கும். இதற்குச் சம்பந்தமே இல்லாதது போல, டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ சில வேளைகளில் திடீரென நின்றுபோகும். வைஃபை சிக்னல் போதவில்லை, ரவுட்டரை இடம் மாற்றி வையுங்கள் என்றார்கள் சிலர்; பிரிண்டர் பழையதாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே என்பதும், அது சிக்னலிலோ பிரிண்டரிலோ இல்லாமல் வீட்டில் ஐபி முகவரிகள் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்கள்) வழங்கப்பட்ட முறையில் இருக்கிறது என்பதும், பொறுமையாக உட்கார்ந்து சோதித்தபோதுதான் புலப்பட்டன.

சோதனை மிக எளியது. பிரிண்டரின் சிறு திரையில் அதன் முகவரி 192.168.1.105 என்று இருந்தது. லேப்டாப்பிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பினேன், பதில் வந்தது. பிறகு பிரிண்டரின் மின்இணைப்பையே பிடுங்கிவிட்டு மீண்டும் பிங் அனுப்பினேன். அப்போதும் பதில் வந்தது. அணைந்து கிடக்கும் பிரிண்டர் பதில் சொல்லாது என்பதால், வீட்டுக்குள் வேறு ஏதோ ஒன்று அதே முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று. கட்டளைத் திரையில் ‘ஏஆர்பி -ஏ’ என்று கொடுத்தால், எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி (தயாரிக்கும்போதே சாதனத்துக்கு இடப்படும் அடையாளம்) என்ற பட்டியல் வரும். 105க்கு நேரே இருந்த பன்னிரண்டு இலக்க மேக் முகவரியையும் பிரிண்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் அச்சிட்டிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் வேறு. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் தேடியபோது அந்த மேக் முகவரி டேப்லெட்டுடையது என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். பிரிண்டரைப் பொருத்திக் கொடுத்தவர் அதன் முகவரியைப் பிரிண்டரின் அமைப்பிலேயே கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ரவுட்டரோ, சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற முறையில், கடைசி எண் 100 முதல் 199 வரையுள்ள முகவரிகளைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. கையால் எழுதிய முகவரியைப் பற்றி ரவுட்டருக்கு எந்தத் தகவலும் போவதில்லை. ஒரு முகவரியைக் கொடுப்பதற்கு முன், அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று ரவுட்டர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது டிஎச்சிபி விதிமுறையில் உள்ள பரிந்துரை. ஆனால் அந்த நேரத்தில் பிரிண்டர் அணைந்திருந்தால் சோதனைக்குப் பதில் வராது, முகவரி காலியாக இருப்பதாகவே ரவுட்டர் கருதும். டேப்லெட் அதைப் பெற்றுக்கொள்ளும். பிறகு பிரிண்டரைப் போட்டவுடன் ஒரே முகவரிக்கு இருவர் உரிமை கொண்டாடுவார்கள். விண்டோஸ் கணினியாக இருந்தால் முகவரி மோதல் என்று ஓர் எச்சரிக்கையாவது காட்டும். எங்கள் பிரிண்டரும் டேப்லெட்டும் எதுவும் காட்டவில்லை.

அன்று முதல் நான் வீட்டில் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: முகவரி கொடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடம் ரவுட்டர். நிலையான முகவரி தேவைப்படும் சாதனத்துக்குக்கூட அதை ரவுட்டரில் எழுதிக் கொடுக்க வேண்டுமே தவிர, சாதனத்தில் எழுதக் கூடாது.

இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அமைப்புப் பக்கத்தில் உள்ள கட்டங்கள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். 1985இல் வந்த பூட்பி என்ற முறையில், எந்த இயந்திரத்துக்கு எந்த முகவரி என்று நிர்வாகி முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைத்தாக வேண்டும். அதன் மேல் கட்டப்பட்டதுதான் டிஎச்சிபி. 1993இல் முதலில் வெளியாகி, ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய 1997ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது. முகவரியை நிரந்தரமாகக் கொடுக்காமல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பது அதில் புதிதாக வந்த ஏற்பாடு; அந்தக் கால அளவைத்தான் லீஸ் என்கிறோம். புதிதாக வைஃபையில் சேரும் செல்பேசிக்குத் தன் முகவரியும் தெரியாது, ரவுட்டரின் முகவரியும் தெரியாது. ஆகவே 0.0.0.0 என்பதை அனுப்புநராகவும் 255.255.255.255 என்பதைப் பெறுநராகவும் போட்டு, முகவரி தருபவர் யாரேனும் உண்டா என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி கேட்கிறது. ரவுட்டர் ஒரு முகவரியை முன்வைக்கிறது. செல்பேசி அதையே தரும்படி முறையாகக் கேட்கிறது. ரவுட்டர் உறுதி செய்கிறது. இந்த நான்கு செய்திகளும் யுடிபி என்ற செய்தி அனுப்பும் முறையின் 67, 68 ஆகிய போர்ட்டுகளில் (வாசல் எண்களில்) ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன. முகவரியோடு, அதன் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வழியாகிய கேட்வே, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முகவரி, லீஸ் காலம் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. கையால் எழுதுபவர் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் தொல்லைதான்.

அமைக்கத் தொடங்கும் முன் லேப்டாப்பைக் கேபிள் மூலம் ரவுட்டரோடு இணைத்துக்கொள்வது நல்லது. வைஃபையில் இருந்துகொண்டே அமைப்பை மாற்றினால், பாதி வேலையில் இணைப்பு அறுந்துபோக வாய்ப்பு உண்டு. ரவுட்டரின் அப்போதைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. அதை முதலில் செய்துவிட வேண்டும்.

பிறகு ரவுட்டரின் சொந்த முகவரியைத் தீர்மானிக்க வேண்டும். வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ளுக்குள் பயன்படுத்துவதற்கென்றே 10 என்று தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும், 192.168 என்று தொடங்குபவையும் ஒதுக்கப்பட்டுள்ளன. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான ரவுட்டர்களில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 இருக்கும். அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனாலும் நான் 192.168.50.1 என்று மாற்றினேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இணைய இணைப்பு தருபவரின் மோடமே 192.168.1.1 என்ற முகவரியோடு ரவுட்டராகவும் இயங்கினால், நம் ரவுட்டரின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் ஒரே முகவரி வரிசையில் அமைந்துவிடும். எந்தத் தரவை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டரால் பிரித்தறிய முடியாது. இரண்டாவதாக, வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் ஊடாக அமையும் பாதுகாப்பான தனி இணைப்பு) மூலம் அலுவலகத்தோடு இணைபவர்களுக்கு, அங்கும் அதே வரிசை பயன்பாட்டில் இருந்தால், அலுவலக சர்வரைத் தேடும் கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். இந்த மாற்றத்தைச் சேமித்தவுடன் பிரௌசரில் இருக்கும் பக்கம் சுழன்றுகொண்டே நின்றுவிடும்; ரவுட்டர் கெட்டுப்போனதாக எண்ண வேண்டியதில்லை. அது புதிய முகவரிக்குப் போய்விட்டது. கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, புதிய முகவரியை முகவரிப் பட்டையில் இட்டால் பக்கம் திறந்துவிடும்.

சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் கடைசி எண் 1 முதல் 254 வரை, அதாவது 254 முகவரிகள் நமக்குக் கிடைக்கும். 0 நெட்வொர்க்கையே குறிப்பது, 255 அனைவருக்கும் பொதுவான அழைப்புக்கானது. இவற்றில் ரவுட்டருக்கு 1, நிலையான முகவரி தேவைப்படுபவற்றுக்கு 2 முதல் 99 வரை, தானாகப் பகிர்ந்து கொடுப்பதற்கு 100 முதல் 199 வரை என்று பிரித்தேன். எஞ்சியதை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிட்டேன். இந்தக் கட்டங்களை நிரப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ரவுட்டர்கள் தொடக்க முகவரியையும் முடிவு முகவரியையும் கேட்கும். வேறு சில, தொடக்க எண்ணையும் எத்தனை முகவரிகள் என்ற எண்ணிக்கையையும் கேட்கும். ரவுட்டர்களில் நிறுவும் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளில் இயல்பாக 100, 150 என்று இருப்பதைப் பார்த்து, 150இல் முடிவதாக நினைத்துக்கொள்பவர்கள் பலர். 100இல் தொடங்கி 150 முகவரிகள், ஆகவே 249 வரை என்பதே அதன் பொருள். அது தெரியாமல் 200ஐ வேறு எதற்காவது ஒதுக்கினால் பழைய மோதல் புதிய உருவில் திரும்பி வரும்.

லீஸ் காலத்தைப் பற்றித் தேவைக்கு மேல் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்கு 24 மணி நேரம் போதுமானது. பாதிக் காலம் கழிந்ததும் சாதனம் தானாகவே ரவுட்டரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு காலம் கடந்தபின், தரக்கூடியவர் எவரானாலும் சரி என்று பொதுவாகக் கேட்கும். ஆகவே லீஸ் காலம் முடிந்து இணைப்பு நடுவில் அறுபடுவது என்பது, ரவுட்டர் ஒழுங்காக இயங்கும்வரை நடக்காது. அலகை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும். சில திரைகள் நிமிடத்தில் கேட்கும், சில நொடியில் கேட்கும்; ஒரு நாள் என்பது முதலாவதில் 1440, இரண்டாவதில் 86400. நிமிடத்துக்கான எண்ணை நொடிக்கான கட்டத்தில் இட்டால் 24 நிமிடத்துக்கு ஒரு முறை லீஸ் முடிந்துகொண்டிருக்கும். எனக்கு மிகவும் உதவிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும்: முகவரி வரிசையையோ டிஎன்எஸ் முகவரியையோ மாற்றத் திட்டமிட்டால், முந்தைய நாளே லீஸ் காலத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுகிறேன். மாற்றம் செய்தபின் வீட்டில் உள்ள சாதனங்கள் எல்லாம் சில நிமிடங்களுக்குள் புதிய விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. பிறகு பழைய அளவுக்கே திருப்பி வைத்துவிடலாம்.

டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டால் பெரும்பாலான ரவுட்டர்கள் தம் முகவரியையே கொடுக்கும், அதுவே போதும். குழந்தைகளுக்காக வடிகட்டும் டிஎன்எஸ் ஒன்றை முதல் கட்டத்தில் இட்டு, பாதுகாப்புக்காக இருக்கட்டும் என்று இரண்டாவது கட்டத்தில் வடிகட்டாத ஒன்றை இடுவது மட்டும் கூடாது. இரண்டாவது, முதலாவது பழுதானால் மட்டுமே பயன்படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாதனங்கள் தம் விருப்பப்படி எதையும் கேட்கும்.

இனி நிலையான முகவரி. பிரிண்டர், கேமரா, கோப்புகளைச் சேமிக்கும் சர்வர் ஆகியவற்றின் முகவரி மாறாமல் இருப்பது அவசியம்; கணினியில் பிரிண்டரை அதன் முகவரியால் பதிவு செய்திருப்போம், வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து விட்டிருப்போம். இதற்கான பக்கம் அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டேடிக் லீஸ் என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்றில் இருக்கும். அங்கே மேக் முகவரியையும் அதற்குரிய ஐபி முகவரியையும் எழுத வேண்டும். சாதனத்தில் ‘தானாகப் பெறுக’ என்ற அமைப்பே இருக்கும். அது வழக்கம்போலக் கேட்கும், ரவுட்டர் ஒவ்வொரு முறையும் அதே முகவரியைக் கொடுக்கும். கையால் எழுதியதற்கும் இதற்கும் விளைவில் வித்தியாசம் இல்லை. ஆனால் வீட்டில் யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்பதெல்லாம் ஒரே பேரேட்டில் பதிவாகிவிடுகிறது.

மேக் முகவரியைப் பதியும்போது இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். எங்கள் பிரிண்டரின் அடியில் இருந்த தாளில் இரண்டு மேக் முகவரிகள் இருந்தன. ஒன்று கேபிளுக்கு, மற்றது வைஃபைக்கு. லேப்டாப்பிலும் அப்படித்தான். எதன் வழியாக இணைகிறதோ அதற்குரியதைத்தான் பதிய வேண்டும். தாளைப் பார்த்து எழுதுவதைவிட, சாதனத்தை இணைத்துவிட்டு ரவுட்டரின் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுப்பது எழுத்துப் பிழைக்கு இடம் தராது. அடுத்தது செல்பேசிகள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், செல்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் புனைந்த முகவரியைக் காட்டுவதே இயல்பான அமைப்பு. மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இப்படிப் புனையப்பட்டதே. பொது இடங்களில் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. அதை மொத்தமாக நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு செல்பேசிக்கு நிலையான முகவரி கட்டாயம் வேண்டுமென்றால், வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. உண்மையில் செல்பேசிகளுக்கு நிலையான முகவரி தேவைப்படுவது அரிது.

ஒதுக்கும் முகவரி, பகிர்ந்து கொடுக்கும் வரிசைக்கு உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்கலாமா என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறுபடுகிறது. டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளில் இயங்குபவை, ஒரே சப்நெட்டுக்குள் இருந்தால் வெளியே உள்ளதையும் ஏற்கின்றன. சில ரவுட்டர்கள் உள்ளே இருந்தால்தான் ஏற்கும்; அப்படியானால் வரிசையை 10 முதல் 199 வரை என்று நீட்டிக்கொண்டால் போதும், ஒதுக்கியதை ரவுட்டர் வேறு எவருக்கும் கொடுக்காது.

எல்லாவற்றையும் ரவுட்டரில் எழுதிய பின், சாதனம் சாதனமாகப் போய்க் கையால் எழுதியவற்றை நீக்க வேண்டும். விண்டோஸில் ஐபி அமைப்பைத் ‘தானாக’ என்று மாற்றிவிட்டு, ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’ என்ற இரண்டு கட்டளைகளைக் கொடுத்தால் புதிய முகவரி வந்துவிடும். செல்பேசியில் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒன்றைக்கூட விடக் கூடாது, ஏனென்றால் விடுபட்ட ஒன்றுதான் பிறகு மோதும்.

அதன் பிறகு, சாதனம் காட்டும் முகவரியைப் பார்த்தே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. 169.254 என்று தொடங்கினால், சாதனம் கேட்டது, எவரும் பதில் சொல்லவில்லை, ஆகவே தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளையும், ரவுட்டரில் டிஎச்சிபி இயங்குகிறதா என்பதையும், வரிசையில் காலி முகவரி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நம் வரிசையில் உள்ள முகவரியே வந்திருந்தும் இணையம் இல்லை என்றால் டிஎச்சிபியைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு டிஎன்எஸ்ஸிலோ வெளி இணைப்பிலோ இருக்கிறது. நமக்குச் சம்பந்தமே இல்லாத வரிசை வந்திருந்தால், வீட்டில் வேறு எதுவோ முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடைசி நிலையை அக்கா வீட்டில் கண்டேன். “தம்பி, மாடியில வைஃபை முழுசாக் காட்டுது, ஆனா நெட் மட்டும் வரவே மாட்டேங்குது” என்று தொலைபேசியில் சொன்னார். அந்தச் செல்பேசியின் முகவரி என்னவென்று கேட்டேன், 192.168.0 என்று தொடங்கியது. அவர்கள் வீட்டு ரவுட்டரோ 192.168.1 வரிசையில் இருந்தது. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிளில் இணைத்து வைத்திருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்கும் சாதனம் பொதுவாக முதலில் வரும் பதிலையே ஏற்கும் என்பதால், எந்த ரவுட்டர் முந்துகிறதோ அதைப் பொறுத்து இணையம் வரும் அல்லது வராது. தீர்வு, இரண்டாவது ரவுட்டரை, முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் என்ற நிலைக்கு மாற்றுவது. அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டராக இருந்ததால், அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிள் வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையில் இல்லாமல் உள் சாதனங்களுக்கான லான் (LAN) துளை ஒன்றிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எதை முதலில் மாற்றுகிறோம் என்பது முக்கியம்: முதலில் முகவரி, பிறகு டிஎச்சிபி. டிஎச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால், அடுத்த முறை அந்த ரவுட்டரோடு நேரடியாக இணையும் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, அமைப்புப் பக்கத்தையும் திறக்க முடியாது. அப்படிச் சிக்கிக்கொண்டால் மட்டும் லேப்டாப்பில் தற்காலிகமாகக் கையால் ஒரு முகவரி எழுதி உள்ளே போகலாம். வேலை முடிந்தவுடன் அதைத் ‘தானாக’ என்று திருப்பி வைத்துவிட வேண்டும்.

பாதுகாப்புக்காக டிஎச்சிபியை நிறுத்தி வையுங்கள் என்ற அறிவுரையை இன்றும் கேட்கிறேன். அதை ஏற்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். வைஃபை கடவுச்சொல் தெரிந்த ஒருவர், தனக்குத் தானே ஒரு முகவரி எழுதிக்கொண்டு சுலபமாக உள்ளே இருக்க முடியும். அவரைத் தடுப்பது கடவுச்சொல்லும் குறியாக்கமும்தான். டிஎச்சிபியை நிறுத்துவதால் அவதிப்படுவது வீட்டில் உள்ளவர்கள் மட்டுமே.

ரவுட்டரை மாற்றும் நாளை மனத்தில் வைத்து இரண்டு விவரங்களைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: முகவரி வரிசையும், ஒதுக்கீட்டுப் பட்டியலும். சேமித்த அமைப்புக் கோப்பு வேறு மாடல் ரவுட்டரில் பெரும்பாலும் செல்லாது என்பதால்தான் இந்தத் தாள். பழைய ரவுட்டர் பழுதாகிப் புதியது வந்தபோது, அதற்கும் 192.168.50.1 என்ற அதே முகவரியைக் கொடுத்து, அதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, தாளைப் பார்த்து ஒதுக்கீடுகளைப் பதிந்தேன். தம் பழைய லீஸை நினைவில் வைத்திருந்த சாதனங்கள் அதே முகவரியைக் கேட்டன. பெரும்பாலானவற்றுக்கு அதுவே கிடைத்தது. பிரிண்டரில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. கேமரா மட்டும் பழைய ரவுட்டரையே தேடிக்கொண்டிருந்தது. அதன் மின்இணைப்பை ஒரு முறை பிடுங்கிச் செருகியதும் தனக்குரிய முகவரியோடு பட்டியலில் வந்து சேர்ந்தது.